ஜின்-ஆவுக்கு என்ன வயது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொரியத் தொடர்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் இதைக் கேட்கலாம் என்று தோன்றியது. நெட்ஃபிளிக்ஸில் ‘சம்திங் இன் தி ரெய்ன்’ பார்த்து முடித்தேன். பதினாறு எபிசோட். முதல் பாதியைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன். முப்பத்தைந்து வயதுப் பெண், நெருங்கிய தோழியின் தம்பி, இருவருக்கும் ஒரே குடை... அப்புறம் என்னவோ ஆகிவிட்டது. அந்த ஜின்-ஆ அம்மாவிடம் பொய், தோழியிடம் பொய், கடைசியில் காதலனிடமே பொய் என்று இறங்கிவிடுகிறாள். அம்மா சொன்னாள் என்பதற்காக இன்னொருவனைச் சந்திக்கப் போய் உட்காருகிறாள். டிவியை உடைக்கலாம் போல் இருந்தது. முப்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு இவ்வளவு பயமா? எழுதியவர்களுக்கே பாதியில் சலித்துவிட்டதா?

இன்னொன்று. கூட உட்கார்ந்து கொஞ்சம் பார்த்த என் அம்மா, “அக்கா தம்பி மாதிரி இருக்கு, நல்லாவே இல்ல” என்று எழுந்து போய்விட்டார். இதே அம்மாதான் ‘காப்ளின்’ தொடரைப் பார்த்துவிட்டு அழுதவர். ஆண் மூத்தவன் என்றால் கண்ணில் படாத வயது, பெண் மூத்தவள் என்றால் மட்டும் ஏன் இப்படி உறுத்துகிறது? இந்த மாதிரித் தொடர்களால் அது கொஞ்சமாவது மாறுமா?

பெயரைப் போட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

முதலில் உங்கள் அம்மா. காப்ளின் நாயகன் சாகாமல் வாழ்ந்துகொண்டே இருப்பவன், வயது 939, நாயகி பள்ளிக்கூடத்தையே இன்னும் தாண்டாத பத்தொன்பது வயதுப் பெண். 920 வருட வித்தியாசத்தைச் சிரமமில்லாமல் விழுங்கிய தொண்டையில், ஒற்றை இலக்க வித்தியாசம் போய்ச் சிக்கிக்கொள்கிறது. சிரிப்பாக இருந்தாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூத்த ஆண் என்றதும் காப்பாற்றுவான், நாலும் தெரிந்தவன் என்று நமக்குள் ஒரு கதை தயாராக ஓட ஆரம்பித்துவிடுகிறது. மூத்த பெண்ணுக்கு அப்படி ஒரு காதல் கதை தயாராக இல்லை, அக்காவும் அம்மாவும்தான் இருக்கிறார்கள். அதனால் பார்ப்பவர் அவளை அந்த இரண்டில் ஒன்றாக்கிவிட்டு, பிறகு சங்கடப்படுகிறார்.

கொரியாவில் இது இன்னும் கடுமை. ஒரு வயது வித்தியாசம் இருந்தாலே அங்கே பேசும் விதம் மாறும், மூத்தவர் சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பார், இளையவர் இரண்டு கையாலும் பிடித்து மது ஊற்றுவார். பிறந்த அன்றே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு ஜனவரி ஒன்றுக்கும் ஒரு வயது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், சட்டப்படி மற்ற நாடுகளைப் போல எண்ண ஆரம்பித்ததே 2023 ஜூனில்தான். வயதுதான் அங்கே உறவின் இலக்கணம். 2005-இல் வந்த ‘மை நேம் இஸ் கிம் சாம்-சூன்’ தொடரில் நாயகி நாயகனைவிட மூன்று வயது பெரியவள், அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம். நீங்கள் பார்த்த தொடர் 2018-இல் ஜேடிபிசி சேனலில் வந்தது. நடித்த சோன் யே-ஜினுக்கும் ஜங் ஹே-இன்னுக்கும் நிஜத்திலேயே ஆறு வயது வித்தியாசம்.

ஆனால் எனக்கு அது வயது வித்தியாசத்தைப் பற்றிய தொடராகப் படவில்லை. அல்லது, வித்தியாசம் இருக்கிறது, நாம் நினைக்கிற பக்கத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும். காதலன் ஜூன்-ஹியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இறந்துவிட்டார், அப்பா வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டார், அக்காவும் தம்பியுமாக ஒருவரை ஒருவர் வளர்த்துக்கொண்டவர்கள். வெளிநாட்டில் தனியாக வேலை பார்த்துவிட்டு வந்தவன், தன் வீடு, தன் சமையல், தன் முடிவு. ஜின்-ஆவுக்கு முப்பத்தைந்து வயது, நல்ல வேலை, ஆனால் சின்ன வயதிலிருந்து இருந்த அதே வீடு, அம்மா எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுகிற அதே அறை. ராத்திரி எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு இன்னும் பதில் தயாரித்துக்கொண்டு வீடு திரும்புகிறவள். வருடக் கணக்கில் அவள் மூத்தவள், வாழ்ந்த கணக்கில் அவன் மூத்தவன். உங்களை எரிச்சலூட்டிய பின்பாதி முழுவதும் இந்த இரண்டாவது வித்தியாசம்தான் ஓடுகிறது.

அந்த வயதில் ஏன் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு சியோலில் ஒரு லௌகீகமான காரணமும் உண்டு. கல்யாணம் ஆகும்வரை பெற்றோரோடு இருப்பது அங்கே வழக்கம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜொன்சே என்ற வாடகை முறை, நம் ஊர் ஒத்திதான் அது. மாத வாடகை கிடையாது, வீட்டு விலையில் பெரும்பாலும் பாதியைத் தாண்டும் தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவு பணத்தை மாதச் சம்பளக்காரி ஒருத்தி தனியாகப் புரட்டுவது லேசில்லை. கொடுப்பது அப்பா அம்மா என்றால் சாவியும் அவர்களிடம்தான்.

சரி, பொய்களுக்கு வருகிறேன். அவள் பொய் சொல்வது கதை எழுதியவர்களின் சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்டிப்பான வீட்டில் நல்ல பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குப் பொய் ஒரு பழக்கம், யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல, சண்டை வராமல் பார்த்துக்கொள்வதற்காக. பெண் பார்க்கும் சடங்குக்கு நிகரான அந்தச் சந்திப்புக்கு அவள் போவதும் அப்படித்தான், இன்றைக்கு அம்மாவின் கூச்சல் நிற்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் யாருக்கும் வலிக்கக் கூடாது என்று நினைத்து இரண்டு பக்கமும் காயப்படுத்துகிறாள். உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம், எனக்கும் வந்தது. ஆனால் அப்படிப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன், ஆண்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன், அவர்களை ஏன் யாரும் தொடரில் வைத்துத் திட்டுவதில்லை என்று தெரியவில்லை.

இங்கே நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒரு கிளைக்கதை இருக்கிறது, எனக்கு அதுதான் தொடரின் முதுகெலும்பு. அலுவலக விருந்துகள். வேலை முடிந்து மேலதிகாரிகளோடு இறைச்சி சுடும் கடை, அப்புறம் பாட்டு அறை, அங்கே பெண் ஊழியர்கள் தம்புரின் தட்டிச் சூடேற்ற வேண்டும். ஜின்-ஆ மறுக்காமல் தட்டுகிறவள், அதற்காகவே கேலிப்பெயரும் வாங்கியவள். ஜூன்-ஹியோடு பழக ஆரம்பித்தபிறகு ஒருநாள் வர மாட்டேன் என்று சொல்கிறாள். தன்னை ஒருவன் இவ்வளவு பொத்திப் பார்த்துக்கொள்வதைப் பார்த்துத்தான் நானும் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது என்கிற அர்த்தத்தில் அவனிடமே பேசுகிறாள். முத்தக் காட்சிகளை எல்லாம்விட எனக்கு அதுதான் காதல் காட்சி. பாலியல் தொல்லை புகாரில் அவள் பின்வாங்காமல் நிற்பதற்கும், அதற்காக அலுவலகத்தில் ஒதுக்கப்படுவதற்கும் விதை அங்கே விழுகிறது. இது வந்த நேரத்தையும் பாருங்கள். 2018 ஜனவரி 29 அன்று சோ ஜி-ஹ்யுன் என்ற அரசு வழக்கறிஞர், மூத்த அதிகாரி தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைத் தொலைக்காட்சிச் செய்தியில் நேரடியாகச் சொன்னார், கொரியாவில் மீ டூ பற்றிக்கொண்டது அதிலிருந்துதான். அவர் பேசிய சேனல் அதே ஜேடிபிசி. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 30 அன்று, அதே சேனலில் இந்தத் தொடர் ஆரம்பித்தது.

ஆக அலுவலகத்தில் அத்தனை ஆண்களுக்கு எதிரே நிற்கத் தெரிந்தவளுக்கு அம்மாவின் எதிரே நிற்கத் தெரியவில்லை. பலர் இதை முரண்பாடு என்கிறார்கள். மேலதிகாரியை வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், அம்மாவை வெறுத்துவிட்டு எங்கே போவது?

அந்த அம்மாவை (கில் ஹே-யோன், என்ன நடிப்பு!) இன்னொரு முறை பாருங்கள். அவள் வயதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஜூன்-ஹி, அவன் அக்கா இருவருக்கும் சோறு போட்டு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தவள். அதே பையன் மாப்பிள்ளை என்று வந்து நின்றதும் அவன் அனாதை ஆகிவிடுகிறான், குடும்பம் இல்லாதவன், ஓடிப்போன அப்பனின் மகன். அவளுக்குப் பிடித்தது மகளை ஏமாற்றிய பழைய காதலனை, ஏனென்றால் அவன் வசதியான வீட்டுப் பையன். வயது அங்கே வெளியில் சொல்லத் தோதான ஒரு காரணம்கூட இல்லை, அவளுடைய எதிர்ப்புக்குப் பின்னால் இருப்பது அந்தஸ்துதான், அதை அவள் மறைப்பதும் இல்லை.

வயது நிஜமாகவே கதையாவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதே இயக்குநர் ஆன் பான்-சோக் 2014-இல் எடுத்த ‘சீக்ரெட் அஃபேர்’ பாருங்கள். அதுவும் ஜேடிபிசி, அதுவும் பதினாறு எபிசோட். அவளுக்கு நாற்பது, அவனுக்கு இருபது, போதாததற்கு அவள் கல்யாணமானவள். பெரிய பணக்காரக் குடும்பத்தின் கலை அறக்கட்டளையை நிர்வகிப்பவள், அவர்களுடைய கறுப்புப் பணத்தையும் அவமானங்களையும் சேர்த்தே நிர்வகிப்பவள். அவன் சாமான் டெலிவரி செய்கிற பையன், பிறவி பியானோக்காரன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூபர்ட்டின் எஃப் மைனர் ஃபேன்டசியாவை வாசிக்கிறார்கள், ஒரே பியானோவில் நாலு கை. ஷூபர்ட் இறந்த 1828-ஆம் வருடத்தில் எழுதித் தன் மாணவி ஒருத்திக்குச் சமர்ப்பித்த இசை அது, இங்கே மாணவன் ஆசிரியையின் அருகில் இருக்கிறான். வாசிப்பதைத் தவிர அந்தக் காட்சியில் ஒன்றும் நடப்பதில்லை, பார்க்கிற நமக்குத்தான் வேர்க்கிறது. அதில் வயதுக்கு எடை உண்டு, ஏனென்றால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தான் இருபது வருடத்தில் எதையெல்லாம் விற்றாள் என்று கணக்குப் போடுகிறாள். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறாள், யாரும் கட்டாயப்படுத்தாமல். ஜின்-ஆவின் கதையில் இந்தக் கணக்கு இல்லை, அங்கே இன்னும் எதையும் வாங்கவே விடப்படாத ஒருத்தி இருக்கிறாள்.

தொடர்களால் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை குறைவு, தொடர்கள் பெரும்பாலும் பின்னால் வருபவை. கொரியாவில் இருவருக்கும் முதல் திருமணமாக நடப்பவற்றில் மணமகள் மூத்தவளாக இருப்பது இப்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. 1990-இல் அது பத்தில் ஒன்றுகூட இல்லை. இதைத் தொடர் பார்த்து யாரும் செய்யவில்லை. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், அங்கே பெண்களின் முதல் திருமணத்தின் சராசரி வயது முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் சுற்றிப் பார்த்தால் தன்னைவிட மூத்த, தனியாக இருக்கிற, சகிக்கக்கூடிய ஆண்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அப்புறம் அந்தப் பெண்கள்தானே ராத்திரி டிவி பார்க்கிறார்கள், அவர்களுக்காகத் தொடர் எடுக்கிறார்கள். ஆன் பான்-சோக்கே 2024-இல் டியூஷன் ஆசிரியைக்கும் அவளுடைய பழைய மாணவனுக்கும் காதல் என்று இன்னொன்று எடுத்தார், ‘தி மிட்நைட் ரொமான்ஸ் இன் ஹாக்வோன்’. அதன் நாயகன் வீ ஹா-ஜூன் யார் தெரியுமா, நீங்கள் பார்த்த தொடரில் ஜின்-ஆவின் தம்பி.

பின்பாதியில் எனக்கும் புகார் உண்டு. அது பொய்களைப் பற்றி அல்ல, முடிவைப் பற்றி. (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதைப் பற்றியும்தான், ஆனால் அதை விடுங்கள்.) அவன் வெளிநாட்டுக்குப் போகலாம் வா என்கிறான், அவள் மறுக்கிறாள், பிரிகிறார்கள். அதுவரை சரி, ஏனென்றால் அவனோடு போயிருந்தால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறியிருப்பாள், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து ஜின்-ஆவின் தம்பி கல்யாணத்தில் பார்த்துக்கொள்கிறார்கள், அவள் பக்கத்தில் வேறொருவன். அதன்பின் வேலையை விட்டு, ஜெஜூ தீவில் தோழியின் கடைக்கு உதவப் போகிறாள், அவன் அங்கே தேடி வருகிறான், மழை பெய்கிறது, சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் அவளுக்கு என்ன நடந்தது? அம்மாவோடு என்ன பேசினாள்? அந்த வீட்டை விட்டுத் தன் காலில் நின்ற நாட்கள் எப்படி இருந்தன? பதினாறு எபிசோடாக நாம் காத்திருந்தது அதற்குத்தான், அதைப் போய் ‘மூன்று வருடங்களுக்குப் பிறகு’ என்று தாண்டிவிட்டார்கள். நானாக இருந்தால் மழையை வெட்டிவிட்டு அந்த மூன்று வருடத்துக்கு இரண்டு எபிசோட் கொடுத்திருப்பேன், அவர்கள் சேர்ந்தார்களா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்.