பழைய காபி, டீ விளம்பரங்கள்: கேள்வி – பதில்

கேள்வி: பழைய சாமான் கடை ஒன்றில் டீ விளம்பர எனாமல் போர்டு பார்த்தேன். எழுபது எண்பது வருஷத்துப் பொருள் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். எனாமல் என்பது பெயின்ட் அல்ல; இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பிச் சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பிடிக்கவைத்தது. ஒவ்வொரு நிறத்தையும் ஸ்டென்சில் வைத்துப் போட்டுத் தனித்தனியாகச் சுடுவார்கள். அதனால் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நகத்துக்குச் சின்னப் படி தட்டும். போலித் தகட்டில் முழுப் படமும் ஒரே அச்சு என்பதால் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். நுணுக்கமான கோப்பைப் படங்களை மட்டும் ட்ரான்ஸ்ஃபர் தாளில் ஏற்றுவதும் உண்டு. அந்த இடம் அசலிலும் வழவழப்பாக இருக்கும். அதனால் எழுத்தில் சோதிப்பதுதான் சரி.

அடுத்து, பெயர்ந்த இடங்களைப் பாருங்கள். இங்கேதான் பொய் சொல்வது கடினம். அசல் எனாமல் கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நடுவில் துருவேறிய இரும்பு, அதைச் சுற்றி அடிப்பூச்சின் கருநீல அல்லது கறுப்பு வளையம், அதற்கு வெளியே நிறம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். சேதமும் காரணத்தோடு இருக்கும்: திருகாணித் துளையைச் சுற்றி, மூலைகளில், கல் பட்ட இடத்தில். ஆசிட் தெளித்துப் பழசாக்கிய தகட்டில் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது தகடு வளைந்துவிடும் என்பதால் பின்னாலும் அடிப்பூச்சு கொடுப்பது வழக்கம். வெறும் தகரம் தெரிந்தால் யோசியுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலும் ஒட்டும்.

ஒரு எச்சரிக்கை: இப்போதும் சூளையில் சுட்டு நகல் செய்பவர்கள் இருக்கிறார்கள். நகச் சோதனையில் அது தேறிவிடும். பெயர்ந்த இடமும் துளைகளின் தேய்மானமும்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வீட்டில் அப்படி ஒரு போர்டு துருவேறிக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து வேண்டாம். பித்தளைக்கு நல்லது செய்யும் அதே புளிப்பு எனாமலின் பளபளப்பைத் தின்றுவிடும். ஒருமுறை மங்கினால் திரும்பாது. எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் கழுவும் ஆசிட் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கம்பி நார், சாம்பல், மணலும் ஆகாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மெத்தென்ற பருத்தித் துணியால் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுங்கள். எனாமல் பெயர்ந்த ஓரங்களில் தண்ணீர் தங்கினால் துரு பூச்சுக்கு அடியில் புகுந்து இன்னும் பெயர்க்கும். வெறும் இரும்பு தெரியும் இடத்தில் மட்டும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தொட்டு வையுங்கள். துரு கறுத்து நின்றுவிடும். காய்ந்ததும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசினால் போதும். விட்டுப்போன இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், மதிப்பே போய்விடும்.

மாட்டும்போது திருகாணிக்கு முன்னும் பின்னும் ரப்பர் வாஷர் கொடுங்கள். இறுக்கி முடுக்காமல், தகடு லேசாக அசையும்படி விட்டுவிடுங்கள். பழைய போர்டுகள் பெரும்பாலும் துளையில்தான் உடைந்திருக்கின்றன.

கேள்வி: சர்க்காவோடு (ராட்டை) பெண் உட்கார்ந்திருக்கும் டீ விளம்பரம் எந்தக் காலத்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: 1947. டீ விற்பனையைப் பெருக்குவதற்கான வாரியமான இந்திய டீ மார்க்கெட் எக்ஸ்பான்ஷன் போர்டுக்காக ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்தது. வெள்ளைக்காரன் தோட்டத்துச் சரக்கு என்று தேசியவாதிகள் டீயை ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல, டீ நூற்றுக்கு நூறு சுதேசி என்றது இந்தப் படம்.

கேள்வி: காபிக் கடை திறக்கிறேன். ரயிலிலிருந்து ஒருவர் எட்டி காபி பிடிக்கும் இத்தாலியப் போஸ்டரின் ‘ஒரிஜினல்’ இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா, அல்லது நானே அச்சிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்வது விக்டோரியா அர்துயினோ எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்காக ஓவியர் லியோனெத்தோ கப்பியெல்லோ 1922-இல் செய்தது. ரயில் நிற்கும் நேரத்துக்குள் காபி தயார் என்பதை ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் சொன்ன அற்புதமான போஸ்டர். தெருச் சுவருக்காக அடித்ததால் அசல் ஆளுயரத்துக்கு வரும். காலண்டர் அளவில் இருந்தால் அது பிற்கால நகல்.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அசல் கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து அச்சிடும் முறையில், அடித்தது. கல்லச்சில் நிறம் கிரேயானால் தீட்டியதுபோல் ஒழுங்கில்லாத பொரிகளாக இருக்கும். ஓரங்களில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சற்று ஏறியிருக்கும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசைகட்டிப் பூப்போல் தெரிந்தால் அது ஆஃப்செட் (புள்ளிகளால் படத்தை உருவாக்கும் இயந்திர அச்சு) நகல். இதைப் பின்னாளைய போஸ்டர்களுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள், அவற்றில் அசலே ஆஃப்செட்டாக இருக்கலாம். விற்பவரிடம் லென்ஸ் வழியே எடுத்த படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

நீங்களே அச்சிடுவதானால், கப்பியெல்லோ இறந்தது 1942. இந்தியாவில் ஓவியரின் காப்புரிமை அவர் இறந்து 60 ஆண்டுகள்வரை என்பதால் அது முடிந்துவிட்டது. ஆனால் அந்த மெஷின் கம்பெனி இன்றும் இருக்கிறது. பெயரும் சின்னமும் அவர்களுடையவை. சுவரில் அலங்காரமாக மாட்டுவது வேறு, உங்கள் காபித் தூள் பாக்கெட்டில் போடுவது வேறு. 100 x 150 செ.மீ. அளவுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி என்றாலும் சுமார் 5,900 x 8,860 பிக்சல் கொண்ட ஃபைல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக வரும்.

கேள்வி: பழைய காகிதப் போஸ்டரை ஃப்ரேம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சென்னை

பதில்: லாமினேஷன் வேண்டாம், பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் கூடாது, பசை காகிதத்தில் ஊறி மஞ்சள் கறையாகிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்காமல் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். பின்னால் ஆசிட் இல்லாத போர்டு வைத்து, ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் காகிதம் விரிய இடமில்லாமல் அலை அலையாக உப்பும். கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வைத்து மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரேமின் பின்பக்கத்தை முழுக்க மூடி ஒட்டுவது ராமபாணப் பூச்சி நுழையாமல் இருக்க. வெளிச்சுவரிலும், சமையலறையை ஒட்டிய சுவரிலும், வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள்.