கேள்வி-பதில்: தவளைக்கு எதற்கு உயிருள்ள எலி?

கேள்வி: என் தம்பி ஆப்பிரிக்கன் புல்ஃபிராக் ஒன்றை வளர்க்கிறான். கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள எலியை விட்டு, தவளை அதை விழுங்குவதை வீடியோ எடுத்துப் போடுகிறான். கேட்டால், "காட்டில் அது தின்பதைத்தானே கொடுக்கிறேன்" என்கிறான். இதில் தப்பு உண்டா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் புல்வெளிகளில் இந்தத் தவளை வறண்ட மாதங்களை மண்ணுக்குள் புதைந்தே கழிக்கும். மழை வந்ததும் வெளியே வந்து பூச்சி, பல்லி, சின்னத் தவளை, கிடைத்தால் எலி என்று வாய்க்கு அடங்கியதை எல்லாம் விழுங்கும். அங்கே எலிக்கு ஓட வழி உண்டு. தம்பியின் தொட்டியில் நாலு பக்கமும் கண்ணாடி. அதற்குப் பெயர் காடா?

சரி, தவளைக்காவது எலி உயிரோடு இருந்தாக வேண்டுமா? வேண்டாம். அதன் கண் தேடுவது அசைவைத்தான். சுற்றிலும் உணவு கிடந்தாலும், அசையாவிட்டால் தவளை பட்டினி கிடந்தே சாகும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1959லேயே எழுதிவிட்டார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், உறைய வைத்த எலியைக் குளிர் போக வைத்து, இடுக்கியில் பிடித்து அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டுகிறார்கள். தவளை பாய்ந்து கவ்வும். அதற்கு வித்தியாசமே தெரியாது. எலி துடிப்பதைப் பார்க்க வேண்டியிருப்பது கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான்.

'மண்புழுவுக்கு உயிர் இல்லையா?' என்று தம்பி திருப்பிக் கேட்பான். நியாயமான கேள்விதான், இந்த விஷயத்தில் கோடு சுத்தமாக விழாது. ஆனால் புழு ஒரு நொடியில் உள்ளே போய்விடும். பெரிய எலி அப்படியல்ல. தவளைக்கு மென்று கொல்லத் தெரியாது. தலை உள்ளே, கால் வெளியே என்று எலி மூச்சுமுட்டிச் சாக வேண்டும். அதற்குள் அது தவளையின் கண்ணையோ வாயையோ கடித்துவைக்கவும் கூடும். எலியே தீனி என்று ஆனால் தவளை கொழுத்துப்போகும், கண்ணில் கொழுப்புப் படிந்து பார்வை மங்கும். செல்லம் கொடுக்கிற லட்சணம் இதுதான்!

இன்னொன்று. வேடிக்கைக்காக மட்டுமே ஒரு பிராணியை அடைத்து வைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். தீனிக்காகத்தான் என்று தம்பி வாதாடலாம். ஆனால் அவர் போட்ட வீடியோவே எதிர்சாட்சி சொல்லும்.

மண்புழு, வெட்டுக்கிளி, வளர்ப்புக் கரப்பான் கொடுக்கச் சொல்லுங்கள். எப்போதாவது இடுக்கியில் ஒரு செத்த எலி. அதையும் வீடியோ எடுத்துப் போடட்டும். எத்தனை லைக் வருகிறது என்று அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.