கபுகி நடிகர்களின் மரக்கட்டை அச்சுப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ஜப்பானிய அச்சுப்படம் ஒன்று இருக்கிறது. அழகான பெண்; முன்நெற்றிக்கு மேலே ஊதா நிறத்தில் சிறு துணி. யார் இந்தப் பெண்?

பதில்: அவர் ஆண். அந்த ஊதாத் துணியே சாட்சி. கபுகி என்ற ஜப்பானிய நாடக வகையில் பெண்கள் நடிக்க 1629-இல் தடை வந்தது. 1652-இல் இளைஞர் கபுகிக்கும் தடை விழுந்தது. அதன்பின் நடிகர்கள் முன்தலையை மழித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெண் வேடம் கட்டியவர்கள் மழித்த இடத்தைத் துணியால் மறைத்தார்கள். நம் நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் போல, அங்கே ஒன்னகாதா. ஓவியர்கள் அந்தத் துணியை மறைக்காமல் வரைந்தார்கள். வாங்குகிற ரசிகனுக்குக் கதாபாத்திரமும் வேண்டும், தனக்குப் பிடித்த நடிகரும் வேண்டும். அடுத்து, உடையில் குலச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் என்றால் அது இச்சிகாவா தாஞ்சூரோ பரம்பரையின் சின்னம்.

கேள்வி: அந்தக் காலத்திலேயே இவற்றைக் கலைப்பொருளாக மதித்து வாங்கினார்களா?

பதில்: இல்லை. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக் கடைகளில் ஏறக்குறைய ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்த சரக்கு இது. நாடகம் சூடாக இருக்கும்போதே விற்றாக வேண்டும். ஆகவே பெரும்பாலான படங்களுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட அரங்கம், ஒரு மாதம், ஒரு வேடம் இருக்கிறது. அதைத் தேடாமல் 'என்ன அழகு' என்பதோடு நிறுத்திக்கொண்டால் படத்தில் பாதியைத்தான் பார்க்கிறோம். டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தில் 40,000-க்கும் மேற்பட்ட நடிகர் படங்கள் இருக்கின்றன. அதன் இணையத் தொகுப்பில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஓவியர் ஷராக்கு நடிகர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தது ஏன்?

பதில்: கேலி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1794 மே மாதம் கவாராசாகி அரங்கில் நடந்த நாடகத்தில் மூன்றாம் ஓத்தானி ஓனிஜி, பணம் பறிக்க வரும் எடோபே என்ற அடியாளாக நடித்தார். அந்த வேடத்தில் அவரை ஷராக்கு வரைந்த படத்தை நிதானமாகப் பாருங்கள். முன்னே துருத்திய தாடை, கோடாக இறுகிய வாய், மூக்கை நெருங்கி நிற்கும் கண்மணிகள். மேலங்கிக்குள்ளிருந்து இரு கைகளும் விரல் விரித்து வெளியே பாய்கின்றன. முகத்தோடு ஒப்பிட்டால் அவை மிகச் சிறியவை. பின்னணி முழுவதும் காக்காய்ப்பொன் தூள் கலந்த கருமை. பறிகொடுக்கப்போகும் இப்பே என்ற பாத்திரத்தில் நடித்த இச்சிகாவா ஓமேசோவையும் ஷராக்கு தனியே வரைந்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்தால் காட்சியே எழுந்து நிற்கும்.

ஒன்னகாதாக்களை வரைந்தபோதும் பெண் ஒப்பனைக்கு அடியில் தெரியும் ஆணின் தாடையை அவர் விட்டுவிடவில்லை. பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ வெளியிட்ட அவருடைய படைப்புகள் சுமார் 140. பத்து மாதங்களில் எல்லாம் முடிந்துபோயிற்று. உண்மையை அளவுக்கு மீறி வரைந்ததால் நீடிக்கவில்லை என்கிறது அக்காலத்துக் குறிப்பு. அவர் அவா என்ற பகுதியின் பிரபுவிடம் இருந்த, 'நோ' என்ற பழைய நாடக வகையின் நடிகர் சைட்டோ ஜூரோபே என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. நடிப்பின் உழைப்பை உள்ளிருந்து அறிந்தவரின் கண் அது என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சில படங்களில் நடிகர் பெயரே இல்லையே?

பதில்: 1842-இல் அரசு நடிகர் படங்களுக்குத் தடை விதித்தது. பெயரை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துத் தப்பித்தார்கள். ஓவியர் குனியோஷி இன்னும் துணிந்தவர்: கிடங்குச் சுவரில் யாரோ ஆணியால் கீறிய கிறுக்கல்களைப் போலவே நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். யார் யார் என்று ரசிகர்களுக்குத் தெரியாமலா போகும்!

கேள்வி: நடிகர் இறந்தால் படம் போடுவார்களாமே?

பதில்: ஆம், ஷினி-எ என்ற நினைவுப் படங்கள். எட்டாம் தாஞ்சூரோ 1854-இல் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது அப்படிப்பட்ட படங்கள் கடைகளில் குவிந்தன.

கேள்வி: வரவேற்பறையில் மாட்டலாமா?

பதில்: வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம். பழைய படங்கள் பலவற்றில் நீலம் பூச்சாறு. அது வெளிறிப் பழுப்பாகிவிடும். சில மாதங்கள் மாட்டுங்கள், பிறகு அமிலமில்லாத காகித உறையில் படுக்கவைத்து ஓய்வு கொடுங்கள். பின்புறம் பசை நாடா ஒட்டவே கூடாது.