டேகேர் குழந்தையை இனிப் பார்க்க முடியாது என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

கேட்டவர் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறார், ஒரு குடும்பத்தோடு ஒத்துவரவில்லை, எப்படி நிறுத்தச் சொல்வது என்கிறார். நானும் வேளச்சேரியில் வீட்டில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், அதையும் முதலில் தப்பாகத்தான் செய்தேன்.

இரண்டரை வயதுப் பையன், அம்மாவுக்கு ஓஎம்ஆரில் வேலை. ஆறரைக்குள் கூட்டிப்போக வேண்டும் என்று பேச்சு. அது ஏழாகி, ஏழரையாகி, கடைசியில் எட்டு மணியில் வந்து நின்றது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு இவன் செருப்பு மட்டும் வாசலில் கிடக்கும், லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், காய்ச்சல் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிட்டு அனுப்புவார்கள், வரும்போது நெற்றி ஜில்லென்று இருக்கும், அந்த மருந்து நாலு முதல் ஆறு மணி நேரம்தான் கேட்கும் என்பதால் பதினொன்றரைக்கெல்லாம் உடம்பு அனலாய்க் கொதிக்கும். மூன்றாவது தடவை அப்படி நடந்த வாரம் இன்னும் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் படுத்துவிட்டன, அதில் ஒன்று பத்து மாதக் கைக்குழந்தை.

அன்று ராத்திரி வாசலிலேயே, நாளையிலிருந்து கூட்டி வராதே என்று சொல்லிவிட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். பையன் கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தயவுசெய்து அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள்.

மறுநாள் நானே போன் செய்து, பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். "ஒரு மாசம் டைம் எடுத்துக்கோம்மா, வேற இடம் பாரு. ஆனா காய்ச்சல்னா அனுப்பக் கூடாது, ஏழு மணிக்கு மேல என்னால முடியாது" என்றேன். ஆபீஸில் லீவு கிடைக்காத கஷ்டத்தையெல்லாம் சொன்னாள், முழுசாகக் கேட்டேன், ஆனால் முடிவை மாற்றவில்லை. காரணத்தை ஒரு தடவை சொன்னால் போதும், பழைய கணக்கையெல்லாம் தோண்ட வேண்டாம். ஊருக்குப் போகிறேன் என்ற மாதிரிப் பொய்யும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் இரண்டே நாளில் தெரிந்துவிடும். பேசிய பிறகு கடைசித் தேதியையும் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பத் தருகிறீர்கள் என்பதையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவே தெரியாது, நான் சொல்லித்தான் ஆபீஸில் போய்க் கேட்டாள், அங்கேயே இடமும் கிடைத்தது.

கடைசி வாரம் முழுக்க, திங்கட்கிழமையிலிருந்து புது இடம் என்று பையனிடம் தினமும் சொன்னேன். போகிற அன்று அவன் பையில் ஒரு தாளும் வைத்தேன்: காதைத் தடவினால்தான் தூங்குவான், முட்டையில் வெள்ளை மட்டும் சாப்பிடுவான், மிக்ஸி சத்தத்துக்குப் பயம், போடுவதற்கு முன்னால் சொல்லிவிடவும்.