விலை குறைந்த பழைய கார்: சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் தன் பட்ஜெட்டுக்குள் ஒரு பழைய காரைப் பார்த்து வைத்திருக்கிறார். "எல்லாம் கரெக்டா சர்வீஸ் பண்ணின வண்டி" என்கிறார் விற்பவர். கையில் இருப்பதோ ஒரு சர்வீஸ் புக்கும் நாலைந்து பில்லும்தான். நம்பலாமா என்கிறார்.

வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். சர்வீஸ் புக்கில் உள்ள முத்திரைக்கும் பெரிய மதிப்பு கொடுக்க மாட்டேன். பல வருடத்து முத்திரைகள் எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தோடு பளிச்சென்று இருந்தால் ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பியதோ என்றுதான் தோன்றும். பில்தான் பேசும். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம் எல்லாம் அதில் இருக்கும். தேதிவாரியாக அடுக்கி, கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நடுவில் இறங்கினால், எழுதியவரின் கைத்தவறாக இல்லாத பட்சத்தில், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். பில்லில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் போட்டு வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்பதும் நல்லது.

பில் இருந்தால் மட்டும் போதாது, வரி வரியாகப் படிக்கவும் வேண்டும். நண்பருக்காக நான் பார்த்த ஒரு வண்டிக்கு இவ்வளவு தடியாக ஃபைல் இருந்தது. விற்பவருக்கு அதில் பெருமை வேறு. புரட்டினால், அடுத்தடுத்த பில்களில் கடைசி வரியாக 'கூலன்ட் டாப்-அப்' என்று வந்துகொண்டே இருந்தது. கூலன்ட் என்பது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், மூடிய சுற்றுக்குள் ஓடுவது. அடிக்கடி ஊற்ற வேண்டி வரக் கூடாது. குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் ஹெட் காஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் உள்ள அடைப்பு) கெட்டு இன்ஜினுக்குள்ளேயே போகிறது. ஊற்றினார்களே தவிர, எங்கே போகிறது என்று யாரும் தேடியதாக ஒரு பில்கூட இல்லை. அந்த வண்டியை விட்டுவிட்டோம்.

அடுத்து, என்ன செய்தார்கள் என்பதைவிட என்ன செய்யாமல் விட்டார்கள் என்று பாருங்கள். ஆயில் மாற்றாத ஆள் குறைவு. பெரிய செலவைத்தான் தள்ளிப்போடுவார்கள், அது பக்கத்தில் வரும்போது வண்டியையே விற்றுவிடுவார்கள். அதில் முதல் இடம் டைமிங் பெல்ட்டுக்கு, அதாவது இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்டுக்கு. உங்கள் மாடலில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் விசாரியுங்கள். பெல்ட் என்றால் பல வண்டிகளில் 1,00,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றச் சொல்வார்கள்; சரியான கணக்கு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால் வருடக் கணக்கும் உண்டு. ஓடும்போது அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மலிவான காராக இருந்தால், அந்தச் செலவு சில சமயம் வண்டி விலையையே தாண்டிவிடும். "மாத்தியாச்சு" என்றால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சொல்லாததை வண்டி சொல்லும். டயரின் பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அதை வண்டியின் வயதோடும் ஓட்டத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டரில் ஓட்டம் ரொம்பக் குறைவு, ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் தோல் பளபளக்கிறது என்றால் எனக்கு மீட்டர் மேல் சந்தேகம் வரும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். கருப்பாகக் கெட்டியாக அப்பியிருந்தால் ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் சும்மாவும் அப்படி வரும், அதனால் உடனே பதற வேண்டாம், கூலன்ட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

போவதற்கு முன்பே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ஆறின இன்ஜினில்தான் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் கடகட சத்தமும் மாட்டும். மெக்கானிக்கை ஸ்கேனரோடு (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) கூட்டிப் போங்கள். செக் இன்ஜின் விளக்கை அணைக்க, கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்திருந்தால், வண்டி தானே செய்துகொள்ளும் பரிசோதனைகளின் முடிவுகளும் அதோடு அழிந்து, 'இன்னும் முடியவில்லை' என்று காட்டும். முந்தின நாள் அழித்திருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மெக்கானிக்கைக் கூட்டி வர விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, கிளம்பிவிடலாம்.

சரி, பில்லே இல்லாத வண்டியை வாங்கவே கூடாதா? வாங்கலாம். ஓட்டம் அதிகமாக இருந்தாலும் பில் உள்ள வண்டிக்குத்தான் என் ஓட்டு, ஆனால் மலிவு விலையில் அது எப்போதும் அமையாது. அப்போது பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எதுவுமே மாற்றாத மாதிரி கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையில் பாதியாவது குறைக்கக்கூடும். வாங்கின கையோடு வண்டியை நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள், பெல்ட் மாற்றும்வரை நெடுந்தூரம் எடுக்காதீர்கள்.