பள்ளிகளுக்கிடையே போட்டியா, சமத்துவமா: எது நல்ல கல்வியைத் தரும்?

என் ஓட்டு சமத்துவத்துக்குத்தான்.

சுவீடன் 1992-ல் போட்டியைச் செய்து பார்த்தது. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு, அது தனியார் பள்ளியே ஆனாலும், அரசுப் பணம் பிள்ளையோடு போகும். பல நாட்டு 15 வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில், 2000 முதல் 2012 வரை அந்நாட்டு மதிப்பெண் இறங்கியது. போட்டி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் போட்டி காப்பாற்றவில்லை.

போட்டியில் ஜெயிக்க ஒரு பள்ளிக்கு இரண்டு வழி. நன்றாகச் சொல்லிக்கொடுப்பது வருடக்கணக்கான உழைப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்க ஒரு நுழைவுத் தேர்வு போதும். எதைச் செய்வார்கள்? சிலியில் இந்தப் பொறுக்கல் முற்றிப்போய், அரசு நிதி பெறும் பள்ளிகளில் அதைத் தடுக்க 2015-ல் சட்டமே போட்டார்கள்.

பின்லாந்து 1970-களில் எல்லோருக்கும் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளியைக் கொண்டுவந்தது. எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைக்கு அதே பள்ளியில் சிறப்பு ஆசிரியர் உண்டு. 2000-ல் பீசா வாசிப்பில் முதலிடம். ஆனால் 2006-க்குப் பிறகு அங்கும் சரிவுதான், மறைக்க வேண்டாம்.

சரி, சிங்கப்பூர்? 2022 பீசாவில் முதலிடம், போட்டியும் கடுமை. ஆனால் முட்டிமோதுவது பெரும்பாலும் மாணவர்கள், பள்ளிகள் அல்ல. ஆசிரியருக்குப் பயிற்சியும் சம்பளமும் தருவது அரசு.