‘ரெட்டைக் குட்டிக் கிடா’ என்று ஒன்று உண்டா?

கேள்வி: கோத்தகிரி கூக்கல்தொரைப் பக்கம் இருக்கிறேன். இரண்டு ஏக்கரில் கேரட், பீட்ரூட் போடுகிறோம். கூடவே 28 பெட்டைச் செம்மறிகள் உண்டு. எல்லாம் அப்பா காலத்திலிருந்து வரும் நீலகிரி ஆடுகள். இருந்த கிடா கிழடாகிவிட்டது. கீழேயிருந்து வரும் தரகர் ஒருவர் டார்ப்பர் என்ற வெளிநாட்டு இனத்தின் கிராஸ் கிடா ஒன்றை 42,000 ரூபாய் சொல்கிறார். எட்டு மாதத்தில் 45 கிலோ வந்ததாம். இதைச் சேர்த்தால் எல்லாப் பெட்டையும் ரெட்டைக் குட்டி போடுமாம். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வீடியோ அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா, அய்யா?

பதில்: வாங்காதீர்கள்.

முதலில் வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை பார்த்தேன். கிடாவை வரப்பின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, செல்போனைத் தரையோடு தரையாக வைத்து எடுத்திருக்கிறார்கள். இப்படி எடுத்தால் எங்கள் வீட்டுப் பூனை கூடக் கன்றுக்குட்டி மாதிரித் தெரியும். பக்கத்தில் ஆள் யாரும் நிற்கவில்லை. நின்றால் உயரம் தெரிந்துவிடும். ஆனால் கயிற்றைச் சுண்டும்போது ஒரு நொடி கிடா வாயைத் திறக்கிறது பாருங்கள், அங்கே நிறுத்துங்கள். கீழ்த்தாடையின் நடுவில் நாலு பல் அகலமாக, ஓரத்தில் இருப்பவை சிறிதாகப் பால்பல். செம்மறிக்கு முதல் ஜோடி நிலைப்பல் வரவே ஒரு வயது தாண்ட வேண்டும். நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயசு. எட்டு மாதத்தில் 45 கிலோ என்றால் நல்ல வளர்த்திதான். இரண்டு வயசில் 45 கிலோ என்றால், நல்ல தீனி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 45 கிலோவிலும் வயிற்றுத் தண்ணீர் எவ்வளவோ? விற்பதற்கு முதல் நாள் உப்புப் போட்ட தவிடு வைத்து, விடிந்ததும் வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவது எல்லாச் சந்தையிலும் நடப்பதுதான். எடை பார்க்கிற ஆடு முதல் நாள் ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றில் நின்றிருக்க வேண்டும். தரகர் சம்மதிக்க மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

சரி, ரெட்டைக் குட்டி விஷயம். ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பது பெட்டையின் கணக்கு. பருவத்துக்கு வரும்போது அது எத்தனை கருமுட்டை விடுகிறதோ அத்தனை குட்டிதான். முட்டை ஒன்றே ஒன்று என்றால், கிடா எந்த தேசத்துக் கிடாவாக இருந்தாலும் குட்டி ஒன்றுதான். ஆக, ‘இந்தக் கிடாவைச் சேர்த்தால் ரெட்டை’ என்று யார் சொன்னாலும் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ரெட்டை போடும் குணம் கிடாவின் ரத்தத்தில் இருந்தால் அது அதன் மகள்களிடம் தெரியலாம். எப்போது? இன்றைக்குச் சேர்த்தால் ஐந்து மாதச் சினை, பிறந்த பெட்டைக்குட்டி வளர்ந்து கிடா சேர்க்க ஒன்றரை வருஷம், அதற்கு மேல் இன்னொரு ஐந்து மாதம். இரண்டே கால் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் தரகரின் செல் நம்பர் மூன்று தடவை மாறியிருக்கும்.

அதிலும், சாதாரணச் செம்மறியில் குட்டி எண்ணிக்கையைப் பொறுத்தவரை பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மீதியெல்லாம் தீனி, பெட்டையின் வயது, உடம்பு இருக்கும் நிலை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. வங்காளத்துச் சுந்தரவனத்தில் காரோல் என்று ஒரு குட்டையான ஆடு இருக்கிறது. அதில் ஒரே ஒரு மரபணு மாற்றம் நிறைய முட்டை விட வைக்கிறது. எந்த மரபணு என்று 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் நீலகிரி ஆட்டிலேயே சிலவற்றில் அது இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ஆனால் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். கொம்பைப் பார்த்தோ காதைப் பார்த்தோ சொல்ல முடியாது. உங்கள் தரகர் எந்த ஆய்வகச் சீட்டைக் காட்டினார்?

இப்போது ‘கிராஸ்’ என்கிற வார்த்தைக்கு வருகிறேன். நீங்கள் கேரட் போடுகிறவர், அதனால் உங்களுக்குச் சொல்வது சுலபம். ஹைபிரிட் கேரட் விதை வாங்கிப் போடுகிறீர்கள். எல்லாக் கிழங்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வருகிறது. அதே வயலில் நாலு செடியைப் பூக்கவிட்டு விதை எடுத்து அடுத்த வருஷம் போடுவீர்களா? போட்டால் ஒன்று தடியாக, ஒன்று நூலாக, ஒன்று கவட்டை பிளந்து வரும். ஆட்டிலும் அதேதான். இரண்டு இனத்தை முதல் தடவை சேர்க்கும்போது பிறக்கும் குட்டி வளர்த்தியில் மிஞ்சும். அந்தக் குட்டியைக் கறிக்கு விற்பதோடு சரி. அதையே மந்தைக்குக் கிடாவாக விட்டால் கலப்பின் ஊக்கம் பாதி போய்விடும், குட்டிகளும் ஒன்றுபோல் இருக்காது. தரகர் விற்பது வயலில் எடுத்த அந்தக் கேரட் விதை. அதை ஹைபிரிட் விதை விலைக்கு விற்கிறார்.

டார்ப்பர் நல்ல ஆடுதான், நான் குறை சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் வறண்ட பூமிக்காக 1930-களில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பெர்சியனையும் சேர்த்து உருவாக்கியது. அதன் ரோமம் தானாகவே உதிர்ந்துவிடும். நவம்பர் மழையில் மூன்று நாள் வெயிலே பார்க்காமல் பட்டியில் நிற்கிற குட்டிக்கு அந்தக் குணம் எதற்கு? போதாததற்கு இந்த ‘கிராஸ்’ கால் பங்கா, அரைப் பங்கா, தாய் எந்த ஊர் ஆடு என்பது விற்கிறவருக்கே தெரியாது.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த யாராவது குறுக்கே வருவார்கள்: ‘ஏன் சார், நீலகிரி ஆடே கலப்புதானே?’ ஆமாம், கலப்புதான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்கிறார், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்று வெளிநாட்டு இனங்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் பிறந்ததுதான் நம் நீலகிரி ஆடு. ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த மலைக்குள்ளேயே, தனக்குள்ளேயே பெருகி வந்திருக்கிறது. குளிர் தாங்காதது செத்தது, ஈரத்தில் குளம்பு அழுகியது செத்தது, மிஞ்சியது ஒரு ஜாதியாக நிலைத்தது. இன்றைக்கு நீலகிரிக் கிடாவை நீலகிரிப் பெட்டையோடு சேர்த்தால் நீலகிரிக் குட்டிதான் பிறக்கும். அதுதான் இனம் என்பதற்கு அடையாளம், எத்தனை வெள்ளைக்காரப் பெயர் அதன் பின்னால் இருக்கிறது என்பதல்ல. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய சாண்டினோவும் அப்படித்தான். எட்டில் ஐந்து பங்கு மெரினோ, ரேம்புல்லே என்ற வெளிநாட்டு இனங்களின் ரத்தம், மூன்று பங்கு நீலகிரி. பழனி மலையில், கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் வைத்திருக்கும் பாரத் மெரினோவில் முக்கால் பங்கு வெளிநாட்டு ரத்தம். இவையும் கலப்பில் தொடங்கியவைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே சேர்த்து, எடை போட்டு, ரோமம் அளந்து, ஆகாததைக் கழித்து நிலைப்படுத்தியவை. கலப்பு என்பது குற்றமில்லை. கலந்ததற்குப் பிறகு கழித்தார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் தரகர் எதைக் கழித்தார்?

அடுத்து ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன பக்ரீத்துக்கு உங்கள் பட்டியிலிருந்து எந்தக் கிடாக்குட்டியை விற்றீர்கள்? இருந்ததிலேயே நன்றாக வளர்ந்ததைத்தானே? அதற்குத்தான் விலை வரும். பட்டியில் மிஞ்சியது யாரும் கேட்காத சோனி. அதுதான் அடுத்த வருஷம் கிடா. இதையே இருபது வருஷம் செய்தால் மந்தை தேயாமல் என்ன செய்யும்? ஆடு குள்ளமாகிவிட்டது, ‘ரத்தம் செத்துவிட்டது’, வெளியிலிருந்து கிடா வேண்டும் என்று எல்லாரும் வருகிறார்கள். நல்ல ரத்தத்தை வருஷா வருஷம் கசாப்புக்கு அனுப்பியது நாம்தான்.

அதனால் செய்ய வேண்டியது இது. கேரட் மூட்டை நிறுக்கும் தொங்குதராசு உங்களிடம் இருக்கும். குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகும்போது ஒவ்வொன்றையும் ஒரு சாக்கில் உட்காரவைத்து நிறுத்து, தாயின் காது நம்பரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏறக்குறைய ஒரே பதினைந்து நாளில் பிறந்த குட்டிகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். முன்னால் பிறந்தது பெரிதாகத்தான் இருக்கும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ரெட்டையில் பிறந்த குட்டி பாதிப் பால் குடித்து வளர்ந்தது. ஒற்றைக் குட்டி 14 கிலோ இருக்கும்போது அது 11 கிலோ இருந்தாலே பெரிய விஷயம். பெரியதை மட்டும் பார்த்துப் பிடித்தால், தெரியாமலே ஒவ்வொரு வருஷமும் ஒற்றைப் பிறவியையே கிடாவாக விடுகிறீர்கள். பிறகு ரெட்டை எங்கிருந்து வரும்?

நோட்டில் நன்றாக வந்த தாயின் ஆண்குட்டி ஒன்றை எவ்வளவு விலை கேட்டாலும் விற்காதீர்கள். ஆனால் அதை உங்கள் மந்தையிலேயே விடவும் கூடாது. தாயும் அக்காள் தங்கைகளும் அங்கேயே இருக்கும். எப்பநாட்டிலோ வேறு ஊரிலோ உங்களைப் போல நீலகிரி ஆடு வைத்திருப்பவரிடம் கொடுத்து அவருடைய நல்ல கிடாவை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் ஆகுமுன் மறுபடி மாற்றுங்கள், அதன் மகள்களுக்குக் கிடா சேர்க்கும் வயது வருமுன். 28 பெட்டைக்கு ஒரு நல்ல கிடா போதும்.

சாண்டிநல்லாவில் விண்ணப்பித்தும் கிடா கேட்கலாம், கேட்டு வையுங்கள். தாய் தகப்பன் கணக்கு எழுதிவைத்திருக்கும் இடத்தில் வாங்குவது எப்போதும் மேல். ஆனால் அதை நம்பியே ஒரு பருவத்தை வீணாக்காதீர்கள். கேட்கிற எல்லாருக்கும் கொடுக்க எந்த நிலையத்திலும் கிடா கிடையாது. ஆடு கொடுக்கிற திட்டங்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் முடிக்க மாட்டேன். பல வருஷம் முன்பு ஒரு அலுவலகத்தின் கொள்முதல் குழுவில் என்னையும் உட்காரவைத்தார்கள். படிவத்தில் இனம் எழுத ஒரு கட்டம், நிறம் எழுத ஒரு கட்டம், மூன்று விலைப்புள்ளிக்கு மூன்று கட்டம். தாயின் எடைக்கு ஒரு கட்டம் வேண்டும் என்றேன். ‘படிவத்தை மாற்ற மேலே எழுத வேண்டும் சார்’ என்றார்கள். ஆடுகள் வந்தன, எல்லாம் கீழ்நாட்டு ஆடுகள், காதில் புதுக் கம்மல். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சளி பிடித்துப் பட்டி பட்டியாகப் படுத்தன. கோப்பில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது.

எங்கிருந்து கிடா வந்தாலும் சரி, மூன்று நாலு வாரம் தனியாகக் கட்டுங்கள். குடற்புழு மருந்து கொடுத்து, குளம்பைப் பார்த்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் புருசெல்லா என்ற, சினை கலையவைக்கும் தொற்றுக்கு ரத்தம் பார்த்த பிறகு மந்தைக்குள் விடுங்கள். விதைப்பையைக் கையால் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக, கட்டி இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் பார்க்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. போன வருஷம் ஒருவர் கொம்பையும் கழுத்தையும் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்த கிடாவுக்கு ஒரு பக்கம் விதையே இறங்கவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் என்னிடம் வந்தார்.

ரெட்டைக் குட்டி வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்குக் கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஒவ்வொரு பெட்டைக்கும் தினமும் கால் கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) வையுங்கள். மெலிந்து கிடக்கும் பெட்டைகளுக்குத்தான் இதனால் பலன் அதிகம். 28 ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 7 கிலோ, 21 நாளுக்கு 147 கிலோ. அதன் விலையை 42,000-க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறந்த ரெட்டையைக் காப்பாற்றப் பால் வேண்டும், அதற்குச் சினையின் கடைசி ஒன்றரை மாதமும் இதே கால் கிலோ தொடர வேண்டும். இல்லாவிட்டால் ரெட்டை பிறந்து ஒன்று குளிரில் விறைக்கும்.

முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கிடாவைக் காலையில் வெறும் வயிற்றில் என் தராசில் நிறுத்துக் காட்டு, பல்லைப் பிடித்துக் காட்டு, 45 கிலோவும் பால்பல்லும் இருந்தால் பேசுவோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே அந்தக் கிடா வேறு ஒருவருக்கு விலை போய்விடும். 5,000 வராமலும் போகலாம். போனால் போகட்டும் என்று விடுங்கள். அந்தக் கோபத்தில் மிச்ச 37,000-ஐக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.